கமராவுடன் தீவுப்பகுதியிலே

(சங்கத்திலே நிகழ்த்திய பேச்சு)



"கமராவோடு ஊர் சுற்றியதைப் பற்றிச் சொல்லும்" என்று செயலாளர் கேட்டபோது சற்றுத் தயங்கினேன். நான் படப்பிடிப்புத் தொழில் பயின்றவனல்லன். ஓய்வு நாட்களிலே சைக்கிளில் வேலணையிலிருந்து ஊர்காவற்றுறை வரையிலும், குறிகாட்டுவானில் படகேறி நயினாதீவு, நெடுந்தீவு வரையிலும் அலைந்தவன்; அவ்வளவே.

பண்ணை வீதியால் எத்தனையோ முறை போய்வருகிறோம். இரு புறமும் என்ன இருக்கிறது என்றால் "கடல்தானே" என்போம். விடியற்காலையில் ஒருநாள் இறங்கி நின்று பாருங்கள். முழங்காலளவு நீரிலே களங்கட்டித் தடிகள் வரிசை வரிசையாக நிற்கும். மாரி காலத்திலே பூநாரைகள் வந்து தலைகீழாக அலகை நீரில் அமிழ்த்தி இரை தேடும். மண்டைதீவுப் பக்கத்தில் கண்டல் மரங்கள் உவர்ச்சேற்றில் வேரூன்றி நிற்கும். அந்தச் சேற்றை நம்பி இறங்காதீர்கள். நான் ஒருமுறை செருப்பு இரண்டையும் அதற்குக் காணிக்கையாக்கிவிட்டுக் கமராவைத் தலையில் வைத்துக்கொண்டு கரையேறினேன். நண்டு பிடிக்க வந்த சிறுவன் ஒருவன் வயிறு குலுங்கச் சிரித்தான். தரவைகளும் அப்படியே. மார்கழியில் நீர் நிற்கும் தரவையை ஆடியிலே மறுபடி எடுத்து, இரண்டு படங்களையும் அருகருகே வைத்தால் ஒரே இடமென்று ஒருவரும் நம்பமாட்டார்.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடற்கோட்டை நிற்கிறது. போர்த்துக்கேயர் கட்டியதை 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, பன்றித் தொடையின் குதி என்று பொருள்பட "ஹம்மன்ஹீல்" என்றார்கள். நமது தீவையோ "லெய்டன்" என்றார்கள். தங்கள் ஊரின் பெயரை நம் மண்ணுக்கு எழுதிவைத்தார்கள். நாமோ நம் படத்தின் பின்புறத்தில் நம் ஊரின் பெயரைக்கூட எழுதுவதில்லை.

நயினாதீவிலே நாகபூஷணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு இருப்பதைப் பெரியோர்கள் அறிவீர்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டினது; பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் ஆராய்ந்து வெளியிட்டார். யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் கெட்டால் நாலிலொன்று அரச பண்டாரத்துக்கு, மூன்று கூறு உடையவனுக்கு. வாணிகச் சரக்குக் கொண்டுவரும் மரக்கலம் கெட்டால் செம்பாதி. ஊராத்துறையென்று நம் துறைமுகத்தின் பெயரும் அதிலுண்டு. அந்தப் பெயரைக் கல்லிலே வெட்டி வைத்தபடியால் அல்லவா இன்றும் வாசிக்கிறோம்!

லின்னேயஸ் திரைப் என்ற இராணுவ அதிகாரி 1858இல் மதுரை, தஞ்சை முதலிய ஊர்களைப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக்கினார். கல்லெழுத்துக்கு நேர் வெளிச்சம் உதவாது. பக்கத்திலிருந்து சாய்ந்து விழும் வெயிலிலேதான் வெட்டு நிழல்கொண்டு தெளியும். அதற்கு எவ்வளவு பொறுமை வேண்டியிருந்திருக்கும்! எந்த ஊர், எந்தக் கட்டடம் என்பதையும் அவர் குறிக்க மறக்கவில்லை.

நான் மறந்தேன். 1989 தை மாதம் ஒரு நாற்சார் வீட்டை எடுத்தேன். முற்றத்திலே நெல் காய்கிறது. தூணோடு சாய்ந்து ஒரு கிழவி இருக்கிறார். அழகான படமென்று மகிழ்ந்தேனேயன்றி, யார் வீடென்று ஒரு சொல் எழுதவில்லை. 1990இல் போர் வந்தது. தீவுச் சனங்கள் இடம்பெயர்ந்தார்கள். திரும்பி வந்தபோது எத்தனையோ வீடுகளுக்குக் கூரையில்லை, சிலவற்றுக்குச் சுவருமில்லை. படத்தைக் கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகத் திரிந்தேன். சரவணை என்றார் ஒருவர். புளியங்கூடல் என்றார் மற்றொருவர். தூணைப் பார்த்து இருவரும் சண்டையிட்டார்கள். கனடாவிலிருந்து வந்த ஓர் அம்மா அந்தக் கிழவியை நெடுநேரம் பார்த்துவிட்டு, "எங்கட ஆச்சி மாதிரித்தான் இருக்கு, தம்பி; ஆனா நிச்சயமாய்ச் சொல்லேலாது" என்று திருப்பித் தந்தார்.

அந்தப் படத்தையும் வேறு பதினொரு படங்களையும் வாசலருகே மேசையில் பரப்பியிருக்கிறேன். பெரியோர்கள் வீடு செல்லுமுன் ஒருதரம் பார்த்தருளுங்கள். பின்புறம் வெறுமையாகத்தான் இருக்கிறது. பென்சிலும் பக்கத்திலே வைத்திருக்கிறேன்.