சிறிய படம், பெரிய வினா

(வட்டத்தின் திரைப்படத் திறனாய்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



சிறந்த படைப்புக்குப் பெரும் பொருட்செலவு தேவை என்ற எண்ணம் திரையுலகில் வேரூன்றியிருக்கிறது. அதற்கு மறுப்பாக நிற்கும் ஒரு பிரித்தானியக் குற்றப்படத்தைப் பற்றி இன்று பேச விழைகிறேன். ஹாமர் நிறுவனம் 1961இல் உருவாக்கிய 'கேஷ் ஆன் டிமாண்ட்' என்பது அதன் பெயர். இயக்கியவர் குவென்டின் லாரன்ஸ்.

அக்காலப் பிரித்தானியத் திரையரங்குகளில் ஒரே சீட்டுக்கு இரு படங்கள் காட்டுவது வழக்கம். முதன்மைப் படத்துக்கு முன்னே ஓடும் துணைப்படங்கள் குறைந்த செலவில், சில வாரங்களில் எடுக்கப்பட்டன. அவற்றை நினைவில் வைத்திருப்பார் எவரும் இலர். இப்படமும் அந்த வரிசையைச் சேர்ந்ததுதான். அமெரிக்காவில் 1961இல் வெளிவந்த இது, பிறந்த மண்ணில் 1963இல்தான் திரைகண்டது; அதுவும் நீளம் குறைக்கப்பட்ட வடிவில்.

கதை எளியது. கிறிஸ்துமசுக்கு முந்திய ஒரு நாள். சிற்றூர் வங்கிக் கிளையொன்றின் மேலாளர் ஃபோர்டைஸ். பேனா முள்ளின் தூய்மை முதல் பேரேட்டின் வரி வரை குறை காண்பவர். ஊழியரிடம் ஒரு கனிந்த சொல்லும் பேசாதவர். சிறு கணக்குப் பிழை ஒன்றுக்காக, நெடுநாள் பணியாற்றிய தலைமை எழுத்தர் பியர்சனின் வேலைக்கே உலை வைக்கத் துணிகிறார். அவ்வேளையில், காப்பீட்டு நிறுவன அதிகாரி என்று சொல்லிக்கொண்டு கர்னல் கோர் ஹெப்பர்ன் உள்ளே வருகிறான். மேலாளரின் மனைவியும் மகனும் தன் ஆட்களின் பிடியில் இருப்பதாகக் கூறி, பெட்டக அறையைத் திறந்து பணத்தை எடுத்துத் தர வேண்டும் என்கிறான். துப்பாக்கி வெடிப்பதில்லை; துரத்தல் இல்லை. நயமான பேச்சே ஆயுதம்.

தொலைக்காட்சி நாடகமொன்றிலிருந்து பிறந்த படம் இது. காட்சிகள் பெரும்பாலும் வங்கிக்குள்ளேயே நிகழ்கின்றன. கதையின் காலமும் படம் ஓடும் காலமும் ஏறத்தாழ ஒன்றே. இடம், காலம், செயல் ஆகிய மூன்றின் ஒருமை என்று நாடக இலக்கணம் கூறுவதை இங்கே வறுமையே வகுத்துக் கொடுத்தது. வெளியே செல்லப் பணமில்லாத கேமரா, முகங்களுக்குள் சென்றது. ஃபோர்டைசாக நடித்த பீட்டர் குஷிங்கின் நெற்றியில் அரும்பும் வியர்வையே இங்குப் பெருங்காட்சி. 1959இல் இதே நிறுவனத்தின் 'பாஸ்கர்வில் வேட்டைநாய்' படத்தில் குஷிங் ஹோம்சாகவும், ஆந்த்ரே மோரெல் வாட்சனாகவும் தோழமை பூண்டவர்கள். இங்கே மோரெல் கொள்ளையன். குஷிங் அவன் கைப்பாவை.

டிக்கன்சின் 'எ கிறிஸ்துமஸ் கேரல்' படித்தோர்க்கு ஸ்குரூஜ் நினைவுக்கு வராமலிரான். அங்கே ஆவிகள் வந்து கல்நெஞ்சை உருக்கின. இங்கே அந்தப் பணியைத் திருடன் செய்கிறான். ஊழியரை மனிதராக நடத்தத் தெரியாதவர் என்று மேலாளரை அவன் இடித்துரைக்கிறான். அறவுரை கூறும் தகுதி அவனுக்கு இல்லை. ஆயினும் கூறியது உண்மை. இந்த முரண்தான் படத்தின் உயிர்.

இப்படம் எழுப்பும் வினா இதுதான்: பிறர் பிழையைப் பொறுக்காதவன், தன் இடர்க்காலத்தில் பிறர் பொறுமையை எந்த உரிமையில் கேட்பான்? கொள்ளையன் வெளியேறிய பின், பியர்சன் ஐயுற்றுக் காவல் துறைக்குச் செய்தி அனுப்பியது தெரியவருகிறது. எவருடைய வேலையைப் பறிக்க முனைந்தாரோ, அவரிடமே, தம் குடும்பத்தின் உயிருக்காக ஃபோர்டைஸ் மன்றாடுகிறார். பழிவாங்க அதைவிட நல்ல தருணம் பியர்சனுக்கு வாய்க்காது. ஆனால் ரிச்சர்டு வெர்னன் நடித்த அந்த அமைதியான மனிதர் அவருக்குத் துணைநிற்கிறார். மனைவியும் மகனும் கடத்தப்படவே இல்லை என்பது பின்னர்த் தெளிகிறது. பணம் மீள்கிறது; மேலாளரின் செருக்கு மட்டும் மீளவில்லை. அது நல்ல இழப்பு.

ஒழுங்கு வேண்டாம் என்று இப்படம் சொல்லவில்லை. கணக்கு நேராக இருக்கத்தான் வேண்டும். ஆனால் கணக்கு எழுதும் கை ஒரு மனிதனுடையது என்பதை மறந்த ஒழுங்கு, இடர் வந்தால் தனித்து நிற்கும். இவ்வளவையும் ஒரு வங்கிக் கூடத்துக்குள் காட்டிய படத்தைத் துணைப்படம் என்று ஒதுக்குவது முறையாகாது. அளவால் சிறிதாயினும் அறத்தால் அது முதன்மைப் படமே.