கோத்த மணிகளின் அமுக்கம்

பெட்டியொன்றினுள் அடைத்த வாயுவை நெருக்கினால் அதன் அமுக்கம் உயர்கின்றது. எவ்வளவு நெருக்கினால் எவ்வளவு உயரும் என்று கூறும் விதியே நிலைச் சமன்பாடு எனப்படும். 1873ஆம் ஆண்டில் ஒல்லாந்து தேசத்து லைடன் பல்கலைக்கழகத்திலே வான் டெர் வால்ஸ் என்பார் சமர்ப்பித்த ஆய்வுரை, மூலக்கூறுகளுக்கும் பருமன் உண்டென்பதை அவ்விதியிற் புகுத்தியது. அதன் பெருமை பெரிது. 1910இல் அவருக்கு நோபெல் பரிசும் கிடைத்தது. ஆயினும் அவர் கணக்கின்படி, ஒன்றையொன்று ஈர்க்காத வன்கோளங்கள் பெட்டியின் காற்பங்கை நிரப்பியவுடனேயே அமுக்கம் எல்லையின்றிப் பெருகிவிடவேண்டும். போளைகளை அடுக்கி விளையாடும் சிறுவனும் இதனை ஒப்பான். ஒழுங்காக அடுக்கினால் நூற்றுக்கு 74 பங்கு வரை நிரப்பலாமன்றோ?

உண்மை விடையை அறிவதெங்ஙனம்? மூலக்கூறுகளுள் முற்றிலும் வன்மையான கோளங்கள் இல்லை. ஆதலின் அளந்தறிய வழியில்லை. இவ்விடத்திலேதான் மின்கணிப்பொறி துணைக்கு வந்தது. 1957இல் அமெரிக்காவிலே அல்டரும் வெயின்றைற்றும் கோளங்களின் மோதல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கணிப்பித்தனர். அதே ஆண்டில் வுட், யேக்கப்சன் ஆகிய இருவரும் எழுமாற்று எண்களைக் கையாளும் மொன்ரே காலோ முறையாற் கணித்தனர். அன்றுதொட்டுக் கோட்பாட்டுக்கு ஓர் உரைகல் வாய்த்தது. 1969இல் கார்ணகனும் ஸ்ரார்லிங்கும் ஒரு வரியில் அடங்கும் சமன்பாடொன்றைத் தந்தனர். கோளங்கள் நூற்றுக்கு 40 பங்கை நிரப்பும்போது, பருமனற்ற துகள்கள் தரும் அமுக்கத்தின் ஏறத்தாழ ஏழு மடங்கு பிறக்கும் என்கிறது அது. கணிப்பொறியும் அவ்வாறே கூறுகின்றது.

இனிக் கோளங்களை மணிகளாகக் கோப்போம். மெழுகு, பொலித்தீன், இறப்பர் ஆகியவற்றின் மூலக்கூறுகள் சங்கிலிகளே. எட்டு மணிகளைக் கோத்துவிட்டால், வெறுமை மிகுந்த பெட்டியில் எட்டுத் துகள்களின் அமுக்கம் ஒரு துகளின் அமுக்கமாகக் குறைந்துவிடும். நெருக்கம் மிகுந்தபோது என்னாகும்?

1980களில் வேர்தைம் என்னும் அறிஞர் இதற்கு விடை கண்டார். முதலில், மணிகள் யாவும் தனித்தனியே திரிவனவாகக் கொண்டு அமுக்கத்தைக் கணிக்கவேண்டும். பின் ஒவ்வொரு பிணைப்புக்கும் ஒரு தொகையைக் கழிக்கவேண்டும். அத்தொகையைக் கோக்கப்படாத கோளங்கள் ஒன்றையொன்று தொட்டுநிற்கும் வாய்ப்பிலிருந்தே பெறலாம். சங்கிலியைக் காணாமலே அதன் அமுக்கத்தைச் சொல்லும் துணிவு இது! டிக்மனும் ஹோலும் 1988இல் வெளியிட்ட மொன்ரே காலோக் கணிப்புகள் இத்தகைய கோட்பாடுகளைச் சோதிக்க உதவின. மறு ஆண்டில் ஹொனலும் ஹோலும், தனி மணியோடு இணைமணியின் இயல்பையும் சேர்த்துக்கொண்டு வேறொரு வழியாற் செம்மையான விடை கண்டனர்.

வேர்தைமின் முதற்படிக் கணக்கு, சங்கிலி நேரானதா வளைந்ததா என்று கேட்பதில்லை. ஐதான நிலையில் நீண்ட சங்கிலி தன்மேலேயே சுருண்டு, தன் மணிகளைத் தானே மறைத்துக்கொள்ளும். அங்கே கணக்குப் பிழைக்கின்றது. நெருக்கத்திலோ எந்த மணிக்கும் சூழ எங்கும் மணிகளே. அவை தன் சங்கிலியைச் சேர்ந்தனவோ அயற் சங்கிலியைச் சேர்ந்தனவோ என்பதால் வேறுபாடு அதிகமில்லை. கடினமென்று அஞ்சிய இடத்திலேயே கோட்பாடு நன்கு பொருந்துவது இதனாலேயாம்.

இக்கணக்கோடு ஈர்ப்பையும் சேர்த்துச் சப்மன், கபின்ஸ் முதலியோர் அமைத்த சமன்பாட்டை இரசாயனப் பொறியியலாளர் கையாளுகின்றனர். பொலித்தீனை உயரமுக்க முறையில் ஆக்கும் ஆலைகளில் எதிலீன் வாயு ஆயிரம் வளிமண்டலத்துக்கும் மேற்பட்ட அமுக்கத்தில் நெருக்கப்படுகின்றது. அமுக்கம் எவ்வளவு தாழ்ந்தால், அதிற் கரைந்துள்ள சங்கிலிகள் பிரிந்து வெளிவரும் என்பதை ஆலையை வகுப்போர் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.