கையடக்கக் கருவியும் தறிக்காரர் கேள்வியும்



காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் காலை வேளையில் நடந்து செல்பவர்க்குத் தறியோசை வீட்டுக்கு வீடு கேட்கும். சில திங்களுக்கு முன் அங்கே எனக்கு வேண்டிய நெசவாளர் ஒருவர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். தந்தை தறியில் அமர்ந்திருந்தார். கல்லூரியில் முதலாண்டு பயிலும் மகன், கோர்வைச் சேலையின் கரைக்குரிய நாடாவை வாங்கிச் செலுத்துவதற்காக அவர் பக்கத்தில் இருந்தான். கைகள் ஒத்துழைத்தன, வாய்கள் வழக்காடிக்கொண்டிருந்தன.

வழக்கு ஒரு கையடக்கக் கருவியைப் பற்றியது. விளையாட்டும் ஆடலாமாம், திரைப்படமும் காணலாமாம், பாட்டும் கேட்கலாமாம். அது அப்போது விற்பனைக்கே வரவில்லை. எனினும் அதன் குணங்கள் அனைத்தையும் மகன் மனப்பாடமாக ஒப்பித்தான். விலையோ, தந்தை சில சேலைகளை நெய்து முடித்தால் கிடைக்கும் கூலி.

“தொட்டுப் பார்க்காத பொருளுக்கு இவ்வளவு புகழா, தம்பி?” என்றார் தந்தை.

“புதியது எதுவானாலும் உங்களுக்கு ஐயந்தான், அப்பா” என்றான் மகன்.

நியாயம் கூறும்படி இருவரும் என் முகத்தைப் பார்த்தனர். நான் ஏதோ சாக்குச் சொல்லித் தப்பி வந்துவிட்டேன். அங்கே சொல்லாததை இங்கே, அவர்கள் கைக்கெட்டாத தொலைவிலிருந்து சொல்லத் துணிகிறேன்.

மகன் கூறிய குற்றச்சாட்டு பழையது. பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் ஆண்டளவில், துளையிட்ட அட்டைகளைக்கொண்டு பூவேலையை நெய்யும் பொறியை அமைத்தபோது, அந்நகரத்து நெசவாளரும் பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சி எதிர்த்தனர். அந்த ஜக்கார்டுப் பெட்டிதான் இன்று காஞ்சித் தறிகளின்மேல் ஏறி நிற்கிறது. துளை இருந்தால் இழை எழும்; இல்லையேல் எழாது. இதே அட்டை முறையைத்தான் ஆங்கிலேயரான சார்லஸ் பாபேஜ், தாம் திட்டமிட்ட கணக்கிடும் பொறிக்கு எடுத்துக்கொண்டார். ஆகவே மகன் ஆசைப்படும் கருவியின் மூதாதை, தந்தையின் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது. இதை இருவருமே கவனித்ததாகத் தெரியவில்லை.

ஐயப்பட்டவர் ஏமாந்த கதை கையடக்க விளையாட்டுக் கருவியிலும் உண்டு. 1989-ஆம் ஆண்டில் ஜப்பானிய நிறுவனமான நின்டெண்டோ ‘கேம் பாய்’ என்ற கருவியை வெளியிட்டது. திரையில் வண்ணம் இல்லை. பாசி படிந்த குளத்துநீர் போன்ற மங்கல் பச்சைதான். அதே ஆண்டில் அட்டாரி நிறுவனம் வண்ணத்திரையுடன் ‘லின்க்ஸ்’ கருவியை வெளியிட்டது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவர் எதைப் புகழ்ந்திருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் லின்க்ஸுக்கு ஆறு மின்கலங்கள் வேண்டும். அவையும் நான்கைந்து மணி நேரத்தில் தீர்ந்துபோகும். கேம் பாய்க்கு நான்கே போதும். பத்து மணி நேரத்திற்கு மேலும் உழைக்கும். விலையும் குறைவு. அதனை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் குன்பே யோகோய். புத்தம் புதிய நுட்பத்தைத் தேடி ஓடாமல், நன்கு பழகி மலிவாகிவிட்ட பழைய நுட்பத்தைப் புது வகையில் பயன்படுத்துவதே அவர் கொள்கை. கேம் பாயும் அதன் வண்ண வாரிசும் சேர்ந்து 11 கோடிக்கு மேல் விற்றன. மங்கல் திரையைக் கண்டு முகம் சுளித்தவர்கள், அது எவ்வளவு நேரம் உழைக்கும் என்று கேட்க மறந்தவர்கள்.

ஆவல்கொண்டவர் ஏமாந்த கதைக்கு அடுத்து வருவோம். 2003-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு நோக்கியா நிறுவனம் ‘என்-கேஜ்’ என்ற கருவியை வெளியிட்டது. தொலைபேசி, இசை, வானொலி, விளையாட்டு எல்லாம் ஒன்றிலேயே! கேட்க எவ்வளவு இனிமை! ஆனால் ஒரு விளையாட்டை எடுத்துவிட்டு மற்றொன்றைச் செருக வேண்டுமானால், மூடியைக் கழற்றி மின்கலத்தையே வெளியில் எடுக்க வேண்டும். தார் மாற்றுவதற்குப் பாவையே தறியிலிருந்து கழற்றச் சொன்னால் பிள்ளையார்பாளையத்தார் என்ன சொல்வார்கள்? பேசுவதற்கும் கருவியின் விளிம்பைக் காதோடு நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். தெருவில் அப்படிப் பேசியவர்கள் நகைப்புக்கு ஆளாயினர். மறு ஆண்டே குறைகளைத் திருத்தி வேறொரு வடிவத்தை வெளியிட்டனர். அதற்குள் பெயர் கெட்டுவிட்டது.

என்-கேஜைச் செய்த அதே நிறுவனம் 2006-ஆம் ஆண்டில் நம் காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருப்பெரும்புதூரில் கைப்பேசித் தொழிற்சாலையைத் தொடங்கியது. சுற்றுப்புற ஊர்களிலிருந்து இளைஞரும் இளம்பெண்களும் ஆயிரக்கணக்கில் அங்கே வேலைக்குச் சென்றனர். தறிக்குழியை விட்டுச் சென்ற பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர். கோடிக்கணக்கான கைப்பேசிகள் அங்கிருந்து உலகெங்கும் சென்றன. பின்னர்த் தொடுதிரைக் கருவிகளின் காலம் வந்தது. பழைய கைப்பேசியை வாங்குவோர் குறைந்தனர். நிறுவனத்தின் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கியபோது, வரி வழக்கில் சிக்கியிருந்த திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலை அவ்விற்பனையில் சேரவில்லை. 2014-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் அங்கே உற்பத்தி நின்றது. கடையில் நின்று கருவியை விரும்புவதும் வெறுப்பதும் நமக்கு ஒரு மாலைப்பொழுதின் செய்தி. அந்த வாயிலில் நின்ற இளைஞர்க்கு அது வாழ்க்கை.

ஆகவே அந்தத் தந்தை ஐயப்பட்டதில் எனக்குக் குறையில்லை. ஆனால் கேள்வி கேட்காமல் தலையை மட்டும் ஆட்டினாரே, அதுதான் குறை. பார்க்காமல் புகழ்ந்த மகனுக்கும் பார்க்காமல் மறுத்த தந்தைக்கும் அதிக வேறுபாடு உண்டா? பட்டு வாங்கினால் இழையை இழுத்துப் பார்ப்பவர், சரிகை வாங்கினால் உரைத்துப் பார்ப்பவர், இதற்கு மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்?

சென்ற வாரம் மீண்டும் அவ்வீடு சென்றேன். கருவி விற்பனைக்கு வந்துவிட்டது. கல்லூரித் தோழன் ஒருவனிடமிருந்து மகன் அதை ஒரு நாளைக்கு இரவல் வாங்கி வந்திருந்தான். தந்தை தறியை நிறுத்திவிட்டு அதைக் கையில் வாங்கினார். திரையை அவர் முதலில் பார்க்கவில்லை. சேலையைத் திருப்பி மறுபுறத்து இழைகளைப் பார்ப்பதுபோல், கருவியைத் திருப்பி முதுகைப் பார்த்தார்.

“மின்கலம் செத்துப்போனால் யார் திறப்பார்? காஞ்சிபுரத்தில் ஆள் உண்டா?”

மகனிடம் விடை இல்லை.

“ஒரு விளையாட்டின் விலை என்ன? கருவியோடு வருவது எத்தனை?”

இதற்கு விடை இருந்தது. அது அவனுக்கே உவப்பாக இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு எப்படி ஆடுவது என்று கேட்டார். மகன் காட்டினான். இரண்டு ஆட்டம் ஆடினார், இரண்டிலும் தோற்றார். மூன்றாவது ஆட்டத்தைத் தாமே தொடங்கினார். கரை நாடா நெடுநேரம் பாவின்மேல் கிடந்தது.

வாங்குவதா, வேண்டாமா என்பதைத் தீபாவளிக்குள் சொல்வதாக இருக்கிறார்.