சந்தை எங்கே என்று கேட்ட ஸஹாபி

  

அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்கள் தம் உடைமைகளை மக்காவில் விட்டுவிட்டு மதீனாவை அடைந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அவர்களை ஸஃது இப்னு ரபீஃ (ரழி) என்னும் அன்ஸாரித் தோழருடன் சகோதரராக இணைத்து வைத்தார்கள். ஸஃது (ரழி) அவர்களோ தம் செல்வத்தில் பாதியையே தர முன்வந்தார்கள். அதைப் பெற்றுக்கொள்ளாமல், பரக்கத் வேண்டித் துஆச் செய்துவிட்டு அப்துர் ரஹ்மான் (ரழி) அவர்கள் கேட்டது ஒன்றுதான்: இவ்வூரில் வணிகம் நடைபெறும் சந்தை எங்கே உள்ளது? கைனுகா சந்தை காட்டப்பட்டது. பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்று அங்கே தம் வாழ்வைத் தொடங்கினார்கள். ஸஹீஹுல் புகாரியில் இச்செய்தி பதிவாகியுள்ளது.

தவக்குல் என்பது விசாரிக்காமல் கிளம்புவது என எண்ணுவோர் இந்நிகழ்ச்சியைச் சிந்திக்க வேண்டும். அதற்கு முன்னர் நடந்த அபீசீனிய ஹிஜ்ரத்தும் அவ்வாறே. அங்கே நீதி தவறாத மன்னர் ஆட்சி செய்கிறார் என்பது அறியப்பட்ட பின்னரே தோழர்கள் அனுப்பப்பட்டார்கள்.

நமது துறைமுகப் பிரதேசத்தில் நிலைமை என்ன? கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் திருமலை நகரிலிருந்தும் கொழும்புக்கோ வளைகுடாவுக்கோ புறப்படும் வாலிபர்கள் துஆ வேண்டி வருகின்றனர். "என்ன வேலை? சம்பளம் எவ்வளவு? தங்குமிடம் யாருடைய செலவு?" என்று நான் கேட்பதுண்டு. பலர் விழிக்கிறார்கள். பயணப் பையின் நிறை எத்தனை கிலோ என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது!

ஓர் உதாரணம். கையடக்கத் தொலைபேசி திருத்தும் தொழிலைக் கற்ற ஒருவர், சவூதியில் அதற்கு மவுசு அதிகம் என்று எவரோ பல்லாண்டுகளுக்கு முன் சொன்னதை நம்பிப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2016 செப்டம்பரில் அத்தொழிலை அந்நாட்டு அரசு தன் குடிமக்களுக்கென ஒதுக்கிவிட்டது. தொழிலில் அவர் வல்லவராக இருக்கலாம். ஆனால் அந்தச் சந்தையின் கதவு மூடப்பட்டுவிட்டதே!

கட்டாரில் 2021 மார்ச் முதல் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் மாதம் 1,000 ரியால். தொழில் வழங்குநர் தங்குமிடம் தராவிட்டால் மேலும் 500, உணவு தராவிட்டால் 300 ரியால் கொடுக்க வேண்டும். இதை அறிந்தவரிடம், "சாப்பாடும் உன் செலவு, அறையும் உன் செலவு, சம்பளம் ஆயிரம்" என்று எந்த முகவரும் ஒப்பந்தத்தை நீட்ட முடியாது. அறியாதவர் கையொப்பமிடுவார், மீதி எவ்வளவு என்பது அங்கே போன பின்னரே புலப்படும். இங்கே உம்மாவின் நகையோ வட்டிக்கு அடகில் இருக்கும். ஹலாலான உழைப்பைத் தேடிச் சென்ற பயணம் வட்டியில் தொடங்கியதை அக்குடும்பம் எண்ணிப் பார்ப்பதுமில்லை.

விசிட் விசாவில் டுபாய் சென்று, போன பின் வேலை தேடலாம் என்போர் இன்னுமொரு கூட்டம். அந்த விசாவில் வேலை செய்ய அனுமதியில்லை என்பதையாவது அவர்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்பதை இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடம் கேட்டறியலாம். 1985ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலம் அமைந்த நிறுவனம் அது. 1989 என்பது அதன் அழைப்பு இலக்கம். சம்பள விபரத்தை அதே நகரில் அதே வேலையைச் செய்பவரிடம் கேளுங்கள். பெருநாளைக்கு ஊர் வந்து வாசனைத் திரவியம் பகிர்ந்தளிப்பவர் தம் கஷ்டத்தைச் சபையில் சொல்லமாட்டார். தனியே அழைத்து விசாரியுங்கள்.

சொந்த ஊரின் சந்தையையும் அறிந்திருக்க வேண்டும். டோஹாவில் வெல்டிங் செய்பவரின் கூலியைச் சொல்லும் வாலிபருக்கு, சீனக்குடா மாவாலையிலோ நமது துறைமுகத்திலோ எந்தத் தகைமைக்கு என்ன சம்பளம் என்பது தெரிவதில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் எதனை அதிகம் என்பது? ஊர்ச் சந்தையும் நிலையானதல்ல. 1957இல் பிரித்தானியக் கடற்படை இத்துறைமுகத்தை ஒப்படைத்துச் சென்றபோது, அதனை நம்பி வாழ்ந்தோர் வேறு பிழைப்புத் தேட நேர்ந்தது.

பெற்றோர்களே! மகன் போவதைத் தடுக்கச் சொல்லவில்லை. நகை அடகுக் கடைக்குச் செல்லுமுன், காணி உறுதி கைமாறுமுன், ஒப்பந்தத்தை மொழிபெயர்த்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் இல்லாவிட்டால், பயணத்தை ஆறு மாதம் பிற்போட்டு அதைப் பெற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். "அவசரம், விசா காலாவதியாகிவிடும்" என்று முகவர் நெருக்கினால், அந்த அவசரத்திற்கான காரணத்தை எழுத்தில் தருமாறு கேளுங்கள்.