ஒரு வட்டிப் பாக்கியை அஞ்சு வட்டியில அடைக்கலாமா?

போன வாரம் ஏன் எபிசோட் வரலைன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஊருக்குப் போயிருந்தேன். மல்லாங்கிணறு. விருதுநகருக்கும் காரியாபட்டிக்கும் நடுவுல இருக்கற பேரூராட்சி. 2023-ல நிதியமைச்சர் ஆன தங்கம் தென்னரசுவோட ஊர்னு சொன்னா சிலருக்குத் தெரியும். நான் போனதும் ஒரு வரி விஷயமாத்தான். எங்க வீட்டு வரி.

ராத்திரி பதினோரு மணிக்கு அப்பத்தா போன். "ஐயா, வரி கட்டலைன்னு நோட்டீஸ் வந்துருக்கு. வீட்டை ஏலத்துல விட்ருவாகளாம்யா." தெருவுல யாரோ அப்படிச் சொல்லிப் பயமுறுத்தியிருக்காங்க.

"எவ்வளவு பாக்கி?"

"ஆறாயிரத்துச் சொச்சம். நீ ஒண்ணும் அனுப்ப வேணாம். பத்தாயிரம் தர்றேன்னு ஒருத்தர் சொல்லியிருக்காரு. அஞ்சு வட்டி. வீட்டுப் பத்திரத்தை மட்டும் கொடுத்து, ஸ்டாம்ப் பேப்பர்ல ஒரு கையெழுத்துப் போட்டாப் போதுமாம். காலையில வர்றாரு."

எனக்குத் தூக்கம் போயிடுச்சு. "அந்தப் பேப்பர்ல என்ன எழுதியிருக்கு?"

"இன்னும் ஒண்ணும் எழுதல."

"எதுலயும் கையெழுத்துப் போடாத அப்பத்தா. நான் வர்றேன்"னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன்.

இப்ப கணக்கைப் பாருங்க. எங்க வீட்டுக்கு அரை வருஷ வரி 460 ரூபாய். பத்தாயிரத்துக்கு அஞ்சு வட்டின்னா மாசம் 500 ரூபாய். அதாவது, அரை வருஷ வரியை விட ஒரு மாச வட்டி ஜாஸ்தி. வரி பாக்கிக்கு வட்டி கிடையாதான்னா, உண்டு. தாமதமானா மாசம் 1 சதவீதம். நம்ம ஊர் பாஷையில ஒரு வட்டி. ஒரு வட்டிப் பாக்கியை அடைக்க அஞ்சு வட்டிக்குக் கடன். அதுக்கு ஈடா வீட்டுப் பத்திரமும், வெத்துப் பேப்பர்ல கையெழுத்தும். அந்தப் பேப்பர்ல நாளைக்குக் கிரய ஒப்பந்தம்னு எழுதினா என்ன பண்ணுவீங்க? கந்துவட்டியைத் தடுக்க 2003-லயே தமிழ்நாட்டுல சட்டம் வந்தாச்சு. ஆனா கையெழுத்துப் போட்ட பிறகு அந்தச் சட்டத்தைத் தேடிப் போறது நாமதான்.

சரி, வரி கட்டலைன்னா நிஜமா என்னதான் ஆகும்? முதல்ல நோட்டீஸ் வரும். அப்பவும் கட்டலைன்னா வீட்டுல இருக்கற அசையும் பொருளை ஜப்தி பண்ணலாம், வழக்குப் போடலாம். நோட்டீஸ் வந்த மறுநாளே யாரும் வீட்டை ஏலம் விட்டுட முடியாது. அதுக்காக ஒண்ணும் ஆகாதுன்னு நான் சொல்ல வரல. பாக்கி அந்தச் சொத்து மேலயே நிக்கும். விக்கப் போனாலும் லோன் கேட்டுப் போனாலும் அதுதான் முன்னாடி வந்து நிக்கும்.

அப்பத்தாவோட பயத்தை நான் கிண்டல் பண்ணல. அமெரிக்காவுல இது நிஜமாவே நடந்திருக்கு. மினசோட்டா மாநிலத்துல ஜெரால்டின் டைலர்னு ஒரு பாட்டி. அவங்க பிளாட்டுக்கு வரி பாக்கி சுமார் 2,300 டாலர். அபராதம், வட்டி எல்லாம் சேர்ந்து 15,000 ஆச்சு. ஹென்னபின் கவுண்டி அந்த பிளாட்டை எடுத்து 40,000 டாலருக்கு வித்து, மிச்சம் 25,000-ஐயும் தானே வச்சுக்கிச்சு. 2023 மே மாசம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதா அது தப்புன்னு தீர்ப்பு சொல்லுச்சு. அப்போ அந்தப் பாட்டிக்கு 94 வயசு.

எங்க வீட்டுல பாக்கி சேர்ந்ததுக்குக் காரணம் பணம் இல்லாததில்ல. தாத்தா இறந்து ஆறு வருஷம் ஆச்சு. ரசீது இன்னும் அவர் பேர்லதான். அத்தை பக்கத்துல சிவகாசியில இருக்கா, அவ கட்டியிருப்பான்னு எங்கப்பா நினைச்சிருக்கார். தம்பி கட்டியிருப்பான்னு திருப்பூர்ல இருக்கற பெரியப்பா. அண்ணனுங்க பாத்துக்குவாங்கன்னு அத்தை. ஐடியில இருக்கறவங்களுக்கு இது புரியும். யாருக்கும் அசைன் பண்ணாத டிக்கெட் வருஷக்கணக்கா ஓப்பனாவே கிடக்கும்.

பாக்கியை நான் கட்டிட்டேன். அது அரை மணி நேர வேலை. கஷ்டமான வேலை அதுக்கப்புறம்தான். பெயர் மாத்தணும்னா இறப்புச் சான்றிதழ் வேணும், வாரிசு சான்றிதழ் வேணும். தாத்தா உயில் எழுதல. அப்போ இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்பத்தா, ரெண்டு மகன், ஒரு மகள் நாலு பேருக்கும் சம பங்கு. மூணு பேரையும் கான்ஃபரன்ஸ் கால்ல போட்டேன். "இப்ப எதுக்குடா இந்தப் பேச்சு?"ன்னார் பெரியப்பா. கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் அத்தைதான் சொன்னாங்க: "அம்மா இருக்கற வரைக்கும் அம்மா பேர்லயே இருக்கட்டும். நான் கையெழுத்துப் போடறேன்." வாரிசு சான்றிதழுக்கு இ-சேவை மையத்துல விண்ணப்பம் போட்டாச்சு. தாசில்தார் ஆபீஸ்ல இருந்து வரணும்.

நீங்க செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வரி விதிப்பு எண்ணை போன்ல சேவ் பண்ணி வைங்க. ஏப்ரல்லயும் அக்டோபர்லயும் ரிமைண்டர் போடுங்க. அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள்ள கட்டினா 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். அத்தை பட்டாசு ஆபீஸ்ல வேலை பாக்கறாங்க. "தீபாவளி போனஸ் வரும்போது கட்டிட்டா தெரியவே தெரியாது"ன்னாங்க. ரசீது இல்லாம யார் கையிலயும் காசு கொடுக்காதீங்க. வரி ரசீது வேற, பட்டா வேற. ரசீதை மட்டும் வச்சு வீடு என்னுதுன்னு சொல்ல முடியாது. பத்திரம், பட்டா, ரசீது மூணுலயும் பேர் சரியா இருக்கான்னு பாருங்க.

கிளம்பும்போது அப்பத்தா பத்திரத்தை மஞ்சப் பையில சுத்தி, டிரங்குப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டினாங்க. சாவியை என்கிட்ட நீட்டினாங்க. "நீயே வச்சுக்க அப்பத்தா, வீடு உன்னுது"ன்னேன்.

இந்த வாரம் உங்க வீட்டுக்கு ஒரு போன் போடுங்க. "வீட்டு வரி ரசீது யார் பேர்ல வருது?"ன்னு மட்டும் கேளுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.