சூலை: வயிற்றுக்குள் ஒளிந்த வேதனையின் சரித்திரம்

நள்ளிரவில் முழங்காலை நெஞ்சோடு மடக்கி, வெந்நீர்ப் பையை அடிவயிற்றில் அழுத்திக்கொண்டு விடியும்வரை படுத்திருந்த ஒருவர், இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் முடிந்தபின் "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பும்போது, வலியோடு அவமானத்தையும் சேர்த்தே சுமந்து வருகிறார். அந்த வேதனையின் சரித்திரத்தை இன்று நிதானமாகப் பார்ப்போம்.

குடலைச் சுருட்டி இழுக்கும் வலிக்கு நம்மவர் இட்ட பெயர் சூலை. 7-ஆம் நூற்றாண்டில், இன்று கடலூரைச் சார்ந்த திருப்பாதிரிப்புலியூராக விளங்கும் பாடலிபுத்திரத்தில், சமண மடத்தில் தருமசேனர் என்ற நாமத்தோடு பெரும்புகழ் பெற்றிருந்த மருணீக்கியாரை அந்நோய் பற்றியதைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விவரிக்கிறார். சமணர்கள் மந்திரித்த குண்டிகை நீரைப் பருகக் கொடுத்தார்கள். மயிற்பீலியால் உடம்பைத் தடவினார்கள். வலியோ மேன்மேலும் பெருகிற்று. கற்ற வித்தையெல்லாம் கைவிட்ட அவ்வேளையில் அவர் நினைவுக்கு வந்தவர் தமக்கை திலகவதியார். சமையற்காரனிடம் செய்தி சொல்லி அனுப்பி, அம்மையார் மடத்துக்கு வர இசையவில்லை என்றறிந்து, பாயையும் குண்டிகையையும் பீலியையும் துறந்து, இரவோடிரவாகத் திருவதிகைக்கு நடந்து வந்து அவர் காலில் விழுந்தார். அம்மையார் திருநீறு தந்து திருவீரட்டானம் என்னும் அவ்வூர்ச் சிவாலயத்துக்கு அழைத்துச் சென்றார். பின்னர் திருநாவுக்கரசர் என்று போற்றப்பட்ட அவரது முதற்பதிகம் அங்கே பிறந்தது. அந்நோய்க்கு இன்றைய மருத்துவப் பெயர் சூட்டுவது நம் நோக்கமன்று. ஆயினும், அவரைக் குணப்படுத்த இயலாமற்போனவர்கள்கூட, "உமக்கு வலியே இல்லை" என்று அவரிடம் சொல்லவில்லை என்பதை நாம் மனத்தில் இருத்த வேண்டும்.

பல நூற்றாண்டுகளுக்குப் பின், 1895-இல் ரான்ட்கன், உடலின் உட்புறத்தைக் காட்டும் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். அடுத்த சில ஆண்டுகளுக்குள், ஹார்வர்டில் மருத்துவ மாணவராயிருந்த வால்டர் கேனன், பிஸ்மத் உப்புக் கலந்த உணவைப் பூனைகளுக்கு ஊட்டி, அவற்றின் இரைப்பை அலையலையாய் அசைவதை அக்கதிரின் துணையால் கண்டார். பூனை அஞ்சியபோதும் சினந்தபோதும் அவ்வசைவு அடியோடு நின்றது. சாந்தமடைந்ததும் மீண்டும் தொடங்கிற்று. மனக்கலக்கம் வயிற்றைத் தொடும் என்பது இவ்வாறு பிரத்தியட்சமாயிற்று. ஆனால் மனம் குடலைப் பாதிக்கிறது என்ற உண்மையை, குடல்வலியே மனத்தின் கற்பனை என்று திரித்துக்கொண்டவர்களால் எத்தனையோ நோயாளிகள் நொந்துபோனார்கள்.

அந்தத் திரிபுக்கு 1973-இல் தக்க விடை கிடைத்தது. ரிச்சி என்ற ஆங்கிலேய மருத்துவர் பெருங்குடலில் சிறு பலூனை வைத்து 60 மில்லிலிட்டர் அளவுக்குக் காற்றடைத்தபோது, சோதனைகளில் எதுவும் புலப்படாமலே வயிறு வலிக்கும் குடல் எரிச்சல் நோய் உள்ளவர்களில் 55 சதவீதத்தினர் வலி உணர்ந்தார்கள். மற்றவர்களில் 6 சதவீதத்தினரே உணர்ந்தார்கள். பார்வைக்குக் குடலில் பழுதில்லை. அதன் நரம்புகளோ பிறர் உணராத அசைவையும் வேதனையாக உணர்ந்தன.

1978-இல் பிரிஸ்டல் நகரத்து மருத்துவர் மேனிங்கும் அவருடைய தோழர்களும் 109 நோயாளிகளிடம் கேள்வி கேட்டார்கள். மலம் கழித்தபின் வலி தணிகிறதா, வலி தொடங்கும்போது மலம் இளகிப் பலமுறை போகிறதா, வயிறு உப்புகிறதா என்பன போன்ற எளிய கேள்விகள் அவை. அவற்றுக்குக் கிடைத்த மறுமொழிகளைக் கொண்டே நோயை அடையாளம் காணலாம் என்று காட்டினார்கள். நோயாளியின் வாய்ச்சொல்லே அங்கே சாட்சியமாயிற்று. 1988-இல் ரோம் நகர மாநாட்டை ஒட்டி உருவாகத் தொடங்கிய, இந்நோயை அடையாளம் காணும் விதிமுறைகள், 2016-இல் நான்காம் பதிப்பாக வெளிவந்தபோது, இத்தகைய நோய்களை மூளைக்கும் குடலுக்கும் இடையிலான தொடர்பின் கோளாறுகள் என்று வரையறுத்தன.

சோதனைகள் வேண்டாம் என்பது இதன் பொருளன்று. மலத்தில் இரத்தம், காரணமின்றி மெலிதல், விடாத காய்ச்சல், இரத்தசோகை ஆகியவை தென்பட்டால் தாமதியாமல் சோதிக்க வேண்டும். ஆனால் சோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்பது ஒரு செய்தி. நோயே இல்லை என்பது வேறொரு செய்தி. உங்கள் வீட்டில் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்திருந்தால், முதலில் "எப்படி வலிக்கிறது?" என்று அருகில் அமர்ந்து கேளுங்கள், அவர் சொல்வதை நம்புங்கள். வைத்தியம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.