பின்னலாடை ஊரில் ஜெபம்

கோயம்புத்தூரையும் சேலத்தையும் இணைக்கும் நெடுஞ்சாலையில், திருப்பூருக்கு வடமேற்கே அமைந்த அவிநாசியும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களும் இன்று பின்னலாடைத் தொழிலோடு பிரிக்க முடியாதபடி பிணைந்துவிட்டன. நிட்டிங், டையிங், கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று பனியன் கம்பெனிகளில் பகுத்து வழங்கும் வேலைகளுள் ஏதேனும் ஒன்றில், ஏறக்குறைய எல்லாத் தெருக்களிலும் எவரேனும் ஒருவர் ஈடுபட்டிருக்கிறார். தெற்கு மாவட்டங்களிலிருந்து முன்னரே வந்து குடியேறியவர்களும், பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் ஆகிய மாநிலங்களிலிருந்து அண்மைக் காலத்தில் வந்தவர்களும் லைன் வீடுகளில் அடுத்தடுத்து வாழ்கின்றனர். இத்தகைய ஓர் ஊரில், கடவுளை நம்பி வாழ்தல் என்று கிறிஸ்தவம் கூறுவது அன்றாடத்தில் என்னவாக இருக்க முடியும் என்பதே இவ்வுரையின் பொருள்.

கிறிஸ்தவ மரபில் ஜெபம் என்பது தேவையைக் கேட்டுப் பெறுதல் மட்டுமன்று. இறைவனைப் புகழ்தல், நன்றி கூறல், செய்த தவற்றை அவர்முன் ஒப்புக்கொள்ளுதலாகிய பாவ அறிக்கை, பிறருடைய துன்பத்தைத் தன் துன்பமாக ஏற்று அவருக்காக மன்றாடுதலாகிய பரிந்துபேசுதல் ஆகியவையும் சேர்ந்ததே ஜெபம். இவற்றுள் பரிந்துபேசுதல் அவிநாசி மண்ணுக்குப் புதியதன்று. முதலை விழுங்கிய பாலகனை மீட்கும்படி சுந்தரர் இவ்வூர்ப் பெருமானை நோக்கிப் பதிகம் பாடிய வரலாற்றைச் சைவ மரபு போற்றிவருகிறது. ஒரு வீட்டில் பூணூல் விழாவின் மங்கல ஒலியும், அதற்கு எதிர்வீட்டில், பறிகொடுத்த மகன் இருந்திருந்தால் அவனுக்கும் இந்நாளில் அவ்விழா நடந்திருக்குமே என்ற அழுகை ஒலியும் எழ, அவ்வழியே சென்ற அடியார் அழுகை கேட்ட வீட்டின் பொருட்டே பாடினார் என்பது அவ்வரலாறு. சமயம் வேறாயினும், அயல்வீட்டுக் கண்ணீரை இறைவன்முன் எடுத்துச் செல்லும் அந்த மனநிலையைக் கிறிஸ்தவர் எவரும் தயக்கமின்றி மதிக்கலாம்.

இயேசு தம் சீடருக்குக் கற்பித்த ஜெபம் உணவைக் கேட்கிறது. ஆனால் ஆண்டு முழுவதற்கும் போதுமான களஞ்சியத்தைக் கேட்கவில்லை, அந்தந்த நாளுக்குரியதையே கேட்கிறது. அன்றைய பாலஸ்தீனத்தில் சந்தைவெளியில் காத்து நின்று, எவரேனும் அழைத்தால் வேலைக்குச் சென்று, மாலையில் ஒரு தெனாரியம் என்னும் வெள்ளிக்காசைக் கூலியாகப் பெற்றுத் திரும்பியவர்கள் பலர் என்பதை மத்தேயு நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தில் வரும் திராட்சைத் தோட்ட உவமையிலிருந்து அறியலாம். அவர்களுடைய உலகத்தில் நாளைய உணவு உறுதியற்றது. திருப்பூர் வட்டாரத்திலும் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை. தைத்து முடித்த உருப்படிக்கு இவ்வளவு என்று கணக்கிடும் பீஸ் ரேட்டு முறையிலும், எட்டு மணி நேரத்தோடு மேலும் நான்கு மணி நேரத்தைச் சேர்த்த ஒன்றரை ஷிப்டு வழக்கத்திலும் உழைப்பவர்கள், சனிக்கிழமை மாலை கைக்கு வரும் சம்பளத்தைக் கொண்டே அடுத்த வாரத்தைத் திட்டமிடுகின்றனர். அன்றன்றைக்குரிய உணவைக் கேட்கும் ஜெபம், மாதச் சம்பளமும் சேமிப்பும் உள்ளவர்களைக் காட்டிலும், இவர்களுடைய வாயில்தான் அதன் முழுப் பொருளோடு ஒலிக்கிறது.

விவிலியம் தையலும் நெசவும் சாயமும் அறியாத நூலன்று என்பது பலரும் கவனியாத செய்தி. இயேசுவுக்குப் பின் திருச்சபை பரவிய வரலாற்றைக் கூறும் திருத்தூதர் பணிகள் என்னும் நூல், சீர்திருத்தத் திருச்சபையார் அப்போஸ்தலர் நடபடிகள் என்று வழங்குவது, துணியோடும் தையலோடும் தொடர்புடையவர்களை அடுத்தடுத்து அறிமுகப்படுத்துகிறது. யோப்பா என்னும் துறைமுக ஊரில் தபித்தா என்ற பெண் அங்கிகளும் ஆடைகளும் தைத்துக் கைம்பெண்களுக்கு அளித்துவந்தார். அவர் இறந்தபோது, அக்கைம்பெண்கள் அழுதுகொண்டே அவர் தைத்துத் தந்த ஆடைகளை இயேசுவின் சீடரான பேதுருவிடம் காட்டினர் என்றும், பேதுரு முழந்தாளிட்டு ஜெபித்தபின் தபித்தா உயிர்பெற்று எழுந்தார் என்றும் ஒன்பதாம் அதிகாரம் கூறுகிறது. தபித்தா ஆற்றிய சொற்பொழிவு எதையும் அந்நூல் பதிவு செய்யவில்லை. அவருடைய நம்பிக்கைக்குச் சான்றாக நின்றவை தையலும் அதை அணிந்தவர்களுமே. கொரிந்து நகரில் அக்கிலா, பிரிஸ்கில்லா என்னும் தம்பதியரோடு தங்கிய பவுல், அவர்களைப் போலவே கூடாரம் செய்யும் தொழிலராக உழைத்துத் தம் செலவுக்கு ஈட்டினார் என்பது பதினெட்டாம் அதிகாரச் செய்தி. பகலில் ஊசியும் தோலும் துணியுமாக இருந்த அதே கைகள் பின்னர் உலகம் வாசிக்கும் மடல்களின் ஆசிரியருடைய கைகளாயின. கைத்தொழிலும் இறைவாழ்வும் ஒன்றுக்கொன்று தடையல்ல என்பதை இதைவிட எளிதாக விளக்க இயலாது.

இவர்களுள் அவிநாசி வட்டாரத்தார் மிகுதியாக எண்ணிப் பார்க்கத்தக்கவர் லீதியாள். சாயத் தொழிலாளர் சங்கங்களுக்குப் பெயர்பெற்ற தியத்தைரா நகரத்தவரான இவர், பிலிப்பி நகரில் செந்நீலச் சாயமேற்றிய துணிகளை விற்கும் வணிகராக இருந்தார். ஓய்வு நாளில் பெண்கள் ஜெபத்திற்காகக் கூடும் ஆற்றங்கரையில் பவுலின் சொற்களைக் கேட்டு மனம் திறந்தார்; தம் வீட்டைப் பயணிகளுக்குத் திறந்துவிட்டார்; அவ்வீடே பின்னர் பிலிப்பி நகர நம்பிக்கையாளர் கூடும் இடமாயிற்று. சாய வணிகரான ஒரு பெண் ஆற்றங்கரையில் ஜெபித்தார் என்னும் செய்தியை நொய்யல் ஆற்றின் வடிநிலத்தில் வாழும் மக்கள் படிக்கும்போது, தங்கள் ஆற்றின் நிலையை நினைக்காமல் இருக்க இயலாது. சாயப்பட்டறைக் கழிவால் நொய்யல் நிறம் மாறியதும், பாசனத்திற்கெனக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையின் நீர் உழவர்களுக்குப் பயன்படாமற் போனதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் மூட ஆணையிட்டதும் இவ்வட்டாரத்தின் பொது அனுபவம். பட்டறைகள் மூடியபோது வேலையிழந்த தொழிலாளியும், ஆறு கெட்டபோது விளைநிலம் இழந்த உழவரும் ஒரே வழிபாட்டு இடத்தில் அருகருகே முழந்தாளிட நேர்ந்தது. அங்கே வேலைக்காக மட்டும் ஜெபித்துவிட்டு ஆற்றுக்காகப் பாவ அறிக்கை செய்யாத ஜெபம் முழுமையானதாகாது. பாவ அறிக்கை என்பது தனிமனிதரின் மறைவான தவறுகளுக்கு மட்டும் உரியதன்று. ஓர் ஊர் முழுவதும் சேர்ந்து ஈட்டிய இலாபத்தில் கலந்துள்ள தவற்றுக்கும் அது உரியது.

அவிநாசியிலிருந்து கோவை செல்லும் அதே சாலையில், சோமனூர் விசைத்தறிப் பகுதியை ஒட்டிய கருமத்தம்பட்டியில் உள்ள ஜெபமாலை அன்னை ஆலயம், கொங்கு நாட்டுக் கத்தோலிக்கரின் பழமையான வழிபாட்டிடங்களுள் ஒன்று. இராபர்ட் தெ நொபிலி 1606-இல் தொடங்கிய மதுரை மிஷனைச் சேர்ந்த இயேசு சபையார் பதினேழாம் நூற்றாண்டிலேயே இங்குப் பணிபுரிந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில், பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த மெல்கியோர் தெ மரியோன் பிரசிலாக், 1846 அக்டோபர் 4 அன்று கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டுக் கோவைப் பகுதியின் பொறுப்பை ஏற்றார். இந்நாட்டவரையே குருக்களாக உருவாக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். சாதி வழக்கங்களைத் திருச்சபை எவ்வளவு தூரம் ஏற்கலாம் என்னும் சிக்கலில் மனச்சான்றின் உறுத்தலோடு போராடி, இறுதியில் பொறுப்பைத் துறந்து பிரான்சுக்குத் திரும்பினார். 1856-இல் லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையை நிறுவி, 1859 மே மாதம் மேற்கு ஆப்பிரிக்காவின் பிரீடவுன் நகரை அடைந்த அவர், அங்குப் பரவியிருந்த மஞ்சள் காய்ச்சலுக்கு ஆறு வாரங்களுக்குள் இரையானார். அவர் ஜெபித்து வேண்டியவற்றுள் பல அவர் வாழ்நாளில் நிறைவேறவில்லை. ஆயினும் கோவை மறைமாவட்டத்தில் இந்நாட்டுக் குருக்கள் பணிபுரிவதும், அவர் நிறுவிய சபை ஆப்பிரிக்காவில் இன்றும் இயங்குவதும் அந்த ஜெபங்களோடு தொடர்பற்றவை என்று எவர் கூற முடியும்?

கருமத்தம்பட்டி ஆலயம் தாங்கியுள்ள பெயருக்குரிய ஜெபமாலை, உழைப்பவர்களுக்கு மிகவும் ஏற்ற ஜெப முறையாகும். பத்துப் பத்து மணிகளாகப் பகுத்த ஐந்து தொகுதிகளை விரல்களால் உருட்டிக்கொண்டே, இயேசுவின் வாழ்க்கையில் நிகழ்ந்த மகிழ்ச்சி, துயரம், மகிமை ஆகியவற்றுக்குரிய நிகழ்ச்சிகளை மனத்தில் எண்ணிச் சொல்லும் இம்முறையில், ஒளியின் நிகழ்ச்சிகள் என்னும் நான்காம் வரிசையை 2002-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சேர்த்தார். இதற்கு எழுத்தறிவோ தனி அறையோ தேவையில்லை. கைகள் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்க, உதடுகள் ஒரே வேண்டுதலைத் திரும்பத் திரும்பச் சொல்லும் வழக்கம், நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைநிலத்தில் ஓலைக்கூடைகளும் கயிறுகளும் பின்னிக்கொண்டே ஜெபித்த துறவியரிடமும் இருந்தது. ஓவர்லாக் இயந்திரத்தின் முன் அமர்ந்து நாளெல்லாம் ஒரே தையலைத் தைக்கும் பெண்ணுக்கு அந்தத் துறவியர் அயலவர் அல்லர்.

ஜெபம் தனிமையில் தொடங்கினாலும் தனிமையில் நிலைப்பதில்லை. தமிழகக் கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியம் என்ற பெயரால் வழங்கும் அமைப்பு, அருகருகே வாழும் சில பத்துக் குடும்பங்களைச் சிறு குழுவாக்கி, வீடு மாற்றி வீடு கூடி, விவிலியம் வாசித்து, ஒருவருக்காக மற்றவர் மன்றாடச் செய்கிறது. 1830-இல் இலண்டன் மிஷன் சங்கத்தார் கோவையில் பணி தொடங்கியதிலிருந்து வளர்ந்த சீர்திருத்தத் திருச்சபைகளிலும் வீட்டு ஜெபக் கூட்டம், உபவாச ஜெபம் ஆகியவை இதே பணியைச் செய்கின்றன. இக்கூட்டங்களின் உண்மையான பயன், யாருக்கு உடல்நலமில்லை, யார் வட்டிக்கு வாங்கித் தவிக்கிறார், எந்த வீட்டுப் பிள்ளை பள்ளியை விட்டு வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டது என்பவற்றைப் பத்துப்பேர் அறிந்துகொள்வதில் உள்ளது. ஒவ்வொரு வேளையும் உலையில் இடும் அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலத்தில் சேர்த்து ஆலயத்திற்கு அளிக்கும் பிடியரிசிக் காணிக்கை, தமிழ்க் கிறிஸ்தவப் பெண்கள் நெடுங்காலமாகக் கைக்கொண்ட வழக்கம். மிசோரம் மாநிலத் திருச்சபையில் 1910-இல் தொடங்கிய இதே போன்ற பழக்கம், அச்சிறு மாநிலத்தின் இறைப்பணிகளுக்குப் பெருந்துணையாக வளர்ந்தது. தனக்கே போதாத அரிசியில் ஒரு பிடியைக் குறைத்துக்கொள்பவர், எஞ்சியதை இறைவன் காப்பார் என்று ஒரு சொல்லும் பேசாமல் அறிக்கையிடுகிறார்.

ஆயினும் எல்லா ஜெபங்களுக்கும் கேட்டபடியே விடை கிடைப்பதில்லை என்னும் உண்மையை மறைப்பது நேர்மையாகாது. தம்மை வருத்திய முள் நீங்கும்படி மும்முறை வேண்டியும் அது நீங்கவில்லை என்று பவுல் எழுதினார். கெத்சமனித் தோட்டத்தில் துன்பக் கிண்ணம் அகலும்படி இயேசு வேண்டியும் சிலுவை அகலவில்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா 50 விழுக்காட்டு வரி விதித்தபோது, திருப்பூரில் ஆர்டர்கள் நின்றதால் வேலை நாள்கள் குறைந்த வீடுகளிலும் ஜெபங்கள் எழுந்தன. அவற்றுள் பல உடனே கைகூடவில்லை. காத்திருத்தல் என்றால் கைகட்டி இருத்தல் என்று பொருள்கொள்வது விவிலியத்திற்கு மாறானது. அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்திற்காக இவ்வட்டார மக்கள் பல பத்தாண்டுகள் காத்திருந்தனர். மனு கொடுத்தனர், உண்ணாவிரதம் இருந்தனர். 1,045 நீர்நிலைகளை நிரப்பும் அத்திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டபோது, முதலில் கோரியவர்களுள் பலர் உயிரோடு இல்லை. நம்பிக்கையின் காலக்கணக்கு ஒருவருடைய ஆயுளைவிட நீளமானதாக இருக்கக்கூடும் என்பதை அவிநாசி உழவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஜெபம் கூலியிலிருந்தும் விலகி நிற்பதன்று. விவிலியத்திலுள்ள யாக்கோபின் மடல், நிறுத்திவைக்கப்பட்ட கூலியே கடவுளை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்று கண்டிக்கிறது; மோசேயின் சட்டமோ ஏழைக் கூலியாளின் ஊதியத்தைக் கதிரவன் மறையுமுன் கொடுக்கக் கட்டளையிடுகிறது. ஆதலால், ஞாயிறு காலையில் ஒரே ஆலயத்தில் முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து ஜெபிக்கும் ஊரில், சனிக்கிழமைச் சம்பளம் முழுமையாகவும் குறித்த நேரத்திலும் வழங்கப்பட்டதா என்பது வழிபாட்டுக்கு வெளியே நிற்கும் கேள்வியன்று. அவ்வாறே, அன்பியமும் வீட்டு ஜெபக் கூட்டமும் மாலை ஏழு மணிக்கே கூடுமானால், ஒன்றரை ஷிப்டு முடித்து இரவு ஒன்பது மணிக்குத் திரும்பும் பெண்ணுக்கு அங்கு இடமில்லை. அவை தமிழில் மட்டுமே நடக்குமானால், ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்துள்ள பழங்குடிக் கிறிஸ்தவ இளைஞர் பக்கத்து லைன் வீட்டிலேயே தனித்து நிற்பர். கூட்டத்தின் நேரத்தை ஷிப்டுக்கு ஏற்ப மாற்றுவதும், இந்தி அறிந்த ஒருவரை உடன் அமர்த்துவதும், ஞாயிறு நண்பகல் உணவை அவர்களோடு பகிர்வதும் அவிநாசித் திருச்சபைகள் இந்த ஆண்டிலேயே தொடங்கக்கூடிய பணிகள்.